நபோர் பெயரில் ஊதிய மூச்சு

இந்தக் காப்பி நன்றாக இருக்கிறது, வக்கீலம்மா. இலவங்கப்பட்டை போட்டிருக்கிறீர்கள். அரசாங்கத் தொழிலாளர் அலுவலகத்தில் இப்படி ஒரு காப்பி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் யார்டில் காப்பி என்று தருவது பழுப்பு நிறச் சுடுதண்ணீர்.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், ஊதினேன். மூச்சுப் பரிசோதனை வண்டிக்குள் மற்றவர்கள் பெயரில் போய் ஊதியது நான்தான். இன்சூரன்ஸ்காரர்கள் சொல்வது சரி. வெவ்வேறு ஆட்களுடைய மூச்சை மிஷின் வரைந்த கோடுகள் ஒரே மாதிரி வளைந்திருந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். கையெழுத்துப் போல மூச்சுக்கும் ஒரு சாயல் உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது.

என் பெயர் ஃபிதென்சியோ. யார்டில் யாருக்கும் அந்தப் பெயர் ஞாபகம் இருக்காது. துருத்தி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒஹாக்கா மலையில் எங்கள் ஊர் வாத்தியக் குழுவில் டூபா ஊதியவன் நான். உடம்பைச் சுற்றிக்கொள்ளும் பெரிய பித்தளைக் குழல் அது. ஊர்வலம் கோயிலைச் சுற்றி வருவதற்குள் மற்றவர்கள் இரண்டு முறை உட்கார்ந்துவிடுவார்கள், நான் உட்கார மாட்டேன். நகரத்துக்கு வந்து சாக்கடைத் தூர் வாரும் ஒப்பந்த வேலையில் சேர்ந்த பிறகும் என் மூச்சு குறையவில்லை. ஏன் குறையவில்லை என்பது தனிக் கதை.

எங்கள் வேலை இரண்டு ஆள் வேலை. ஒருவன் குழிக்குள் இறங்குவான், ஒருவன் மேலே நிற்பான். இறங்குகிறவன் சேற்றை வாளியில் அள்ளிக் கொடுப்பான். மேலே நிற்கிறவன் வாளியை இழுத்து லாரியில் கொட்டுவான். இறங்கியவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை மேலே நிற்கிறவன் கையில் இருக்கும். குழிக்குள் ஆள் தெரிய மாட்டான். அவன் மூச்சுவிடுவதைக் காதால் கேட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

என் ஜோடி நபோர். அவன் மகள் சித்லாலிக்கு நான் ஞானத்தகப்பன். அதனால் நானும் அவனும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். கூடப் பிறந்தவனைவிட ஒரு படி மேல் அது. அவன் மனைவி எனக்குக் கொமாத்ரே. நீங்களும் இந்த நகரத்துக்காரர்தான், உங்களுக்குத் தெரியும்.

முதலில் நாங்கள் முறை வைத்துத்தான் இறங்கினோம். ஒரு வாரம் அவன், ஒரு வாரம் நான். ஒருநாள் இஸ்தபலாபா பக்கம் ஒரு குழியில் நான் இருந்தேன். அழுகிய முட்டை நாற்றம் அடித்துக்கொண்டிருந்தது. அது அடிக்கிற வரைக்கும் கவலையில்லை. சட்டென்று நாற்றம் நின்றது. காற்று சுத்தமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் எனக்கு ஞாபகமில்லை. நபோர் முகமூடிகூடப் போடாமல் இறங்கியிருக்கிறான். லாரி டிரைவரைக் கயிற்றை இழுக்கச் சொல்லி, என்னைக் கீழிருந்து தூக்கி மேலே அனுப்பிவிட்டு, கயிறு திரும்பி வரும்வரை அந்தக் காற்றிலேயே நின்றிருக்கிறான். ஒரு கயிறுதான் இருந்தது.

எனக்கு முழங்காலில் அடி. அவனுக்கு இருமல். அன்று சாயந்திரம் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அவன் இருமிக்கொண்டே சொன்னான்.

"கால் சரியாகற வரைக்கும் நானே இறங்கறேன் கொம்பாத்ரே. நீ மேல நின்னு வானத்தைப் பார்த்துக்கிட்டு இரு."

கால் சரியாக ஒரு மாதம் ஆகியிருக்கும். நான் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை. அப்படியே வருடங்கள் போய்விட்டன. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அவன் ஒரு தடவை கேட்டிருந்தால் நான் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன்.

நுரையீரல் கெடுவது நீங்கள் நினைப்பதுபோல நாற்றத்தால் அல்ல. ஈரச் சேறு நாறும், அவ்வளவுதான். ஓரத்தில் காய்ந்து கிடக்கும் சேற்றைச் சுரண்டும்போது ஒரு தூசி கிளம்பும், அதுதான் ஆளைத் தின்னும். முகமூடி கொடுத்திருந்தார்கள். அதன் வடிகட்டியை மாற்ற யாரும் வருவதில்லை. அடைத்துப்போன முகமூடியைப் போட்டுக்கொண்டு வாளி தூக்க முடியாது. எல்லோரும் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

நபோருக்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் வர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நன்றாக இருப்பான். திங்கட்கிழமை இறங்கி ஏறினால் சாயந்திரம் உடம்பு நடுங்கும், நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல இருக்கும் என்பான். அவன் மனைவி ஒத்தீலியா காகிதப்பூவைத் தேன் விட்டுக் கொதிக்க வைத்துக் கொடுப்பாள். எனக்கும் ஒரு டம்ளர் தருவாள். நான் குடிப்பேன். எனக்கு இருமல் இல்லை, ஆனால் அது இனிப்பாக இருக்கும்.

அப்புறம் அந்தப் பரிசோதனை வண்டி வந்தது. வருடத்துக்கு ஒரு முறை யார்டில் வந்து நிற்கும். ஒரு குழாயை வாயில் வைத்து ஊத வேண்டும். சரியாக ஊதாதவனுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார்கள். அப்போது விதி அப்படி. யார்டில் எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. முதலில் வாயைத் திறந்தவர் கிழவர் மகாரியோதான்.

"டேய் துருத்தி, உனக்குத்தான் ரெண்டு ஆள் மூச்சு இருக்கே. ஒண்ணை எனக்குக் குடேன்."

"அதுக்கு என்ன தருவீங்க?"

"என் மாமியாரை வச்சுக்கோ."

"அந்தம்மா வாயைத் திறந்தா என் டூபாவே கேக்காது. வேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் மகாரியோவின் ஹெல்மெட்டை என் தலையில் மாட்டிவிட்டார்கள். ஹெல்மெட்டில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் வண்டிக்குள் இருந்த பெண் தட்டச்சு செய்தாள். முகக்கவசத்தோடு போய், ஊதும்போது மட்டும் இறக்கிக்கொண்டேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, வக்கீலம்மா. பஸ்ஸில்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அது ஒருநாள் உபயோகப்பட்டது.

ஆனால் அன்று அவள், "தாத்தா, உங்க வயசுக்கு இப்படி ஊதி நான் பார்த்ததே இல்லை" என்று சொல்லிவிட்டாள். எனக்கு உறைத்தது. அதன் பிறகு வீட்டில் பழகினேன். உள்ளே பாதி மூச்சுத்தான் இழுக்க வேண்டும். தொண்டையைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒரு சின்ன இருமலோடு விட்டுவிட வேண்டும். வேலைக்குப் போதும் என்று வர வேண்டும், கெட்டிக்கார மூச்சு என்று வரக்கூடாது. ஆளுக்கு ஆள் அளவை மாற்றினேன். நபோருக்கும் அப்படித்தான் ஊதிக்கொண்டிருந்தேன். அவன் மூச்சு எனக்கு மனப்பாடம். தினமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்பவன் அல்லவா.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். பத்துக் குடும்பத்தில் அடுப்பு எரிந்தது. நான் யாரிடமும் ஒரு பெசோகூட வாங்கவில்லை.

போன வருடம் விதி மாறியது. சங்கத்துக்காரர்கள் பேசிப் பேசி ஒன்றைச் சாதித்தார்கள். நுரையீரல் கெட்டுப்போனவனை வெளியே அனுப்பக்கூடாது, அதே சம்பளத்தில் நாற்றுப்பண்ணை வேலைக்கு மாற்ற வேண்டும். நபோர் இதைக் கேட்ட அன்று காலையில் என்னை ரோட்டோரக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். ரொட்டிக்குள் தமால், அந்தச் சோளமாவுக் கொழுக்கட்டையை, வைத்து இருவருக்கும் அவனே வாங்கினான்.

"கொம்பாத்ரே, இந்த வருஷம் எனக்கு நீ ஊத வேண்டாம். நானே ஊதறேன்."

"நீ ஊதினா மெழுகுவத்திகூட அணையாதேடா."

"அதான் வேணும். அணையவே கூடாது." அவன் சிரித்து, சிரிப்பு இருமலாகி, மேஜையைப் பிடித்துக்கொண்டு நிதானத்துக்கு வந்தான். "செண்டுப்பூ நாத்து நடற வேலையாம். செத்தவங்களுக்கு வைக்கிற பூவை நட்டுக்கிட்டு நான் சாகாம இருக்கப் போறேன். ஒத்தீலியா இப்பவே பூவோட பேரெல்லாம் மனப்பாடம் பண்றா."

"நல்லது கொம்பாத்ரே" என்றேன். என் பங்கை முழுவதும் சாப்பிட்டேன். பசி இருந்தது.

அன்று மத்தியானமே மேஸ்திரி ருத்திலியோ என்னைக் கூப்பிட்டார்.

"நபோர் பூப்பறிக்கப் போறானாமே. அப்புறம் கீழ யாரு இறங்கறது?"

"புது ஆள் போடுங்க மேஸ்திரி."

"புது ஆளு எங்கடா வர்றான் இந்த வேலைக்கு? நீதான் இறங்கணும். கால்வலின்னு என்கிட்ட கதை விடாத. சித்லாலி சர்ச்சுல முதல் நன்மை வாங்கின அன்னிக்கு விருந்துல நீ ஆடின ஆட்டத்தை நான் பார்த்தேன். கல்யாண மாப்பிள்ளைகூட அப்படி ஆட மாட்டான்."

 அன்று முதல் நான் யோசித்தேன். நபோரைப் பற்றித்தான் யோசித்தேன். அவன் பூப்பண்ணைக்கு ஏற்ற ஆளா? கலகலவென்று பேசி, குழிக்குள்ளிருந்தே போகிறவர் வருகிறவரைக் கேலி செய்து பழகியவன். அங்கே போய்ச் செடியோடு என்ன பேசுவான்? குழியில் இறங்குவதற்குத் தரும் படிக்காசு நின்றுபோகும், மகளுக்குப் பதினைந்தாம் பிறந்தநாள் வருகிறது, விருந்து வைக்க வேண்டும். இதையெல்லாம் அவன் யோசிக்கவில்லை. அவனுக்கும் சேர்த்து நான் யோசித்தேன்.

வண்டி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. முந்தின நாள் நபோர் இறங்கி ஏறியிருந்தான், காய்ச்சலில் படுத்துவிட்டான். ஒத்தீலியா போன் செய்தாள்.

"கொம்பாத்ரே, இவரால எழுந்திரிக்கவே முடியல. வண்டி அடுத்த வாரமும் வருமாமே? அப்ப வந்து ஊதறார்னு மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நான் பார்த்துக்கறேன் கொமாத்ரே, அவனைத் தூங்கச் சொல்லு" என்றேன்.

மேஸ்திரியிடம் சொல்லவில்லை. நபோரின் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். வண்டிக்குள் அன்று வேறு பெண். மூக்கில் கிளிப்பை மாட்டினாள், குழாயைக் கொடுத்தாள். மற்றவர்களுக்கு நான் பாதி மூச்சுத்தான் ஊதுவேன் என்று சொன்னேன் அல்லவா. அன்று முழு மூச்சையும் இழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் ஊதினேன். கோயில் திருவிழாவில்கூட நான் அப்படி ஊதியதில்லை.

"அருமை சார். இந்த நுரையீரலை இப்படியே வச்சுக்கோங்க. சிகரெட் மட்டும் தொடாதீங்க" என்றாள்.

"தொடறதில்லை" என்றேன். அது உண்மை. நபோரும் தொட்டதில்லை.

சாயந்திரம் அவன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"வராதவன் பேரை வெட்டிடுவோம்னாங்க. அதான் உன் பேர்ல நானே போயிட்டேன். கவலைப்படாதே, உன்னை மாதிரியே கேவலமா ஊதியிருக்கேன்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஒத்தீலியா எனக்குச் சாப்பாடு போட்டாள்.

முடிவு வந்தபோது, தாளில் நபோர் பெயருக்கு நேராகக் குழி வேலைக்கு முழுத் தகுதி என்று இருந்தது. அவன் அந்தத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன கொம்பாத்ரே இது?"

"நான் என்ன பண்ணுவேன்? முடிஞ்ச வரைக்கும் மோசமாத்தான் ஊதினேன். நம்ம மோசமே அந்த மிஷினுக்கு நல்லதாப் பட்டிருக்கு."

 அப்புறம் அவன் சிரிக்க ஆரம்பித்தான். "உன் கெட்ட மூச்சே என் நல்ல மூச்சைவிட நல்லா இருக்குடா. டூபாக்காரனோட சிநேகம் வச்சது என் தப்பு" என்று சொல்லி, சுவரில் கைவைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். என்மேல் அவனுக்கு ஒரு துளி சந்தேகம் வரவில்லை. மறுபரிசோதனை அடுத்த வருடம்தான் என்றார் மேஸ்திரி. "ஒரு வருஷம்தானே, ஓட்டிடலாம்" என்றான் நபோர். முகமூடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினான்.

மழைக்காலத்துக்கு முன்னால் வேலை அதிகம். எல்லாக் குழிகளையும் வாரிவிட வேண்டும், இல்லாவிட்டால் தெருவில் வெள்ளம் நிற்கும். அவன் மூச்சு மாறுவதை நான் மேலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் வாளிக்கு ஒரு முறை நின்றான். அப்புறம் மண்வெட்டிக்கு ஒரு முறை. பழைய வாசற்கதவு திறந்து மூடுவதுபோல ஒரு சத்தம். நான் அவனுக்கு ஓய்வு கொடுத்தேன். மெதுவா கொம்பாத்ரே, அவசரமில்லை என்று மேலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு மேல்ஆளாக இருந்தால் விரட்டியிருப்பான்.

ஒருநாள் பாதி ஏணியில் உட்கார்ந்துவிட்டான். மேலே வரவும் முடியவில்லை, கீழே போகவும் முடியவில்லை. அண்ணாந்து என்னைப் பார்த்தான். உதடு ஊதா நிறமாக இருந்தது. நான்தான் இழுத்து மேலே போட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, யார்டிலிருந்து வந்த பரிசோதனைத் தாளைப் பார்த்தார்.

"சில மாசத்துக்கு முன்னாடி இவருக்கு இவ்வளவு நல்ல மூச்சு இருந்ததா? அப்படின்னா இது வேலையால வந்ததில்லை. திடீர்னு ஏதோ தொத்து. இந்த ரிசல்ட் இவரோடதுதானே?"

ஒத்தீலியா என்னைப் பார்த்தாள். ஊதியது நான் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அவள் படித்தவள் இல்லை, டாக்டரிடம் பேசுவதை என்னிடமே விட்டுவிட்டாள்.

"இவனோடதுதான் டாக்டர். நான் பக்கத்துல இருந்தேன்" என்றேன். வேறு என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் மகாரியோ, மற்றவர்கள், எல்லோர் பிழைப்பும் போகும். ஒரு ஆளுக்காக அத்தனை பேரைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர்கள் தொற்றுக்குத்தான் மருந்து கொடுத்தார்கள். நபோர் அதிக நாள் இருக்கவில்லை. கடைசியில் அவனால் பேச முடியவில்லை. என் கையைத் தட்டித் தட்டிக் காட்டினான். மகளைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வேலையால் வந்த நோய் இல்லை என்று எழுதிவிட்டதால் அவர்களுக்குக் கம்பெனியிலிருந்து ஒன்றும் வரவில்லை. சவப்பெட்டிக்கு யார்டில் வசூல் செய்தோம். முதலில் போட்டது நான்.

வீட்டில் ஒன்பது நாள் ஜெபமாலை சொன்னார்கள். கடைசி நாள், வந்தவர்கள் போன பிறகு, ஒத்தீலியா என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கொம்பாத்ரே, அன்னிக்கு அவரை மாதிரியே மோசமா ஊதினேன்னு சொன்னீங்களே. எப்படி ஊதினீங்க?"

"இப்ப எதுக்கு கொமாத்ரே அதெல்லாம்?"

"எனக்காக ஒரு தடவை ஊதிக் காட்டுங்க."

அவள் கேட்டாள், நான் மறுக்கவில்லை. அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே கொஞ்சமாக இழுத்து, தொண்டையைக் குறுக்கி, அந்தக் கதவுச் சத்தத்தோடு விட்டேன். நடுவில் அவன் நிறுத்துவது போலவே நிறுத்தினேன். கடைசியில் அவனுடைய அந்த இரண்டு இருமல். என் வேலையில் எனக்கு எப்போதுமே ஒரு நேர்த்தி உண்டு.

உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த சித்லாலி வெறுங்காலோடு ஓடி வந்தாள். "அப்பா?" என்றாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

ஒத்தீலியா அழவில்லை. மகளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்களுக்கு அவரை மாதிரியே ஊதத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

அப்புறம் எழுந்து போய் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நான் வெளியே வந்தேன். அன்றிலிருந்து அந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை. பெண்கள் துக்கத்தில் அப்படித்தான் இருப்பார்கள்.

நீங்கள் என்னிடம் யாருக்கெல்லாம் ஊதினாய் என்று மட்டும்தான் கேட்டீர்கள். எப்படி ஊதினாய் என்று கேட்கவில்லை. கேட்காததையும் நானே சொல்லிவிட்டேன். அவன் தோற்க விரும்பினான், நான் அவனை ஜெயிக்க வைத்தேன். தோற்றிருந்தால் அவன் பூப்பண்ணைக்குப் போயிருப்பான், நான் குழிக்குள் போயிருப்பேன். அந்தக் குழிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், வக்கீலம்மா. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தவன். அங்கே மறுபடி போக எனக்கு மனமில்லை. அவன் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நான் செய்யவில்லை, தெரிந்துதான் செய்தேன். அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டால் நபோரின் பரிசோதனை பொய் என்று ஆகும், ஒத்தீலியாவுக்குக் கம்பெனி நஷ்ட ஈடு தந்தாக வேண்டும் என்று சொன்னீர்கள். பேனாவைக் கொடுங்கள், போடுகிறேன். ஒரே ஒரு உபகாரம் செய்யுங்கள். பணம் அவள் கைக்கு வரும்போது, அது யாரால் வந்தது என்று அவளிடம் சொல்லுங்கள். நானாகப் போய்ச் சொன்னால் நன்றாக இருக்காது.